சிங்கப்பூரில் பனிச்சறுக்கு பூட்ஸ் தேடினோம்

மதுரை டவுன்ஹால் ரோட்டில் வழக்கமாகச் செருப்பு வாங்கும் கடையில், பனியில் சறுக்கி விளையாடப் போட்டுக்கொள்ளும் பூட்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் யோசிக்கவே இல்லை. உள்ளே போய், கான்கிரீட் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் ரப்பர் கம்பூட்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தார். “இதைப் போட்டா எங்கயும் வழுக்காதும்மா” என்று உத்தரவாதம் வேறு கொடுத்தார். அறுபது வயதில் ஒருத்தி வழுக்குவதற்காகவே காலணி தேடுகிறாள் என்பதை அவரிடம் விளக்க எனக்குத் தெம்பில்லை. குடை ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

இந்த வம்பை இழுத்துவிட்டவள் என் நாத்தனார் செல்வி. கல்யாணமாகி சிங்கப்பூர் போனவள், பேச்சுக்குப் பேச்சு ‘லா’ போடுகிற அந்த ஊர்க்காரியாகவே ஆகிவிட்டாள். அவளும் அவள் மகள் பிரியாவும் ஜப்பானுக்குப் பனிச்சறுக்கு பழகப் போகிறார்கள். “நீங்களும் வரணும் அண்ணி. அண்ணன் இருந்திருந்தா அவர்தான் முதல்ல டிக்கெட் போட்டிருப்பார்” என்றாள் போனில். அது உண்மை. என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆகிறது. பனி பார்க்க வேண்டும் என்ற ஆசையோடே போய்ச் சேர்ந்தவர் அவர்.

ஆனால் எனக்கு ஒரு பயம் இருந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியைகள் கூட்டமாக மணாலி போனபோது, வாடகைக்கு எடுத்த பூட்ஸில் என் கால் நுழையவே இல்லை. அடுத்த அளவைப் போட்டால் உள்ளே கால் நீச்சலடித்தது. மற்றவர்கள் விழுந்து புரண்டு சிரித்துக்கொண்டிருக்க, நான் டீக்கடை பெஞ்சில் அவர்களுடைய கைப்பைகளுக்குக் காவல் இருந்தேன். என் கால் அப்படி. முன்பக்கம் முறம், பின்பக்கம் கரண்டிக் காம்பு. போதாததற்கு ஸ்கூட்டியிலிருந்து விழுந்ததில் வலது காலின் இரண்டாம் விரல் வளைந்து போயிருக்கிறது. அதனால் செல்வியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சிங்கப்பூருக்கு வருகிறேன். காலுக்குப் பொருந்துகிற பூட்ஸ் கிடைத்தால் ஜப்பான். கிடைக்காவிட்டால் உங்களை வழியனுப்பிவிட்டு மதுரைக்குத் திரும்பிவிடுவேன். இன்னொரு தடவை கைப்பைக் காவல் என்னால் முடியாது.

*

சாங்கி விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முகத்தில் அடித்த ஈரச் சூடு கொஞ்சமும் மாறவில்லை. கல்யாணமான புதிதில் நாலு வருஷம் இதே சூட்டில்தான் குடித்தனம் நடத்தினேன். கட்டிப்பிடித்து முடித்ததும் செல்வியின் பார்வை நேராக என் காலுக்குப் போனது.

“இந்த வெயில்ல சாக்ஸா? கால் வெந்துடும் லா அண்ணி.”

“பித்தவெடிப்பு” என்றேன்.

ஆங் மோ கியோவில் அவள் வீடு. பெட்டியை வைத்த கையோடு கீழே உணவங்காடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு மேசையில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டு, இடம் பிடித்தாயிற்று, வாங்க என்றாள். நாங்கள் தட்டோடு திரும்பும்வரை அந்தக் காகிதப் பொட்டலத்தை மதித்து ஒருவரும் உட்காரவில்லை. எங்கள் ஊரில் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டாலும், துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

மீ கோரிங் என்ற வறுத்த நூடுல்ஸ் வாங்கினாள். சிவப்பாக, இனிப்பும் காரமுமாக, ஓரத்தில் வெள்ளரிக்காய்த் துண்டுகளோடு. குவீன்ஸ்டவுனில் இருந்தபோது மாதச் சம்பள நாளில் அவர் இதைத்தான் பொட்டலம் கட்டி வாங்கி வருவார். இரண்டு பேருக்கு ஒரு பொட்டலம். “காரமா அண்ணி?” என்றாள் செல்வி. ஆமாம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்த ருசி அப்படியே இருக்கிறது, பங்கு கேட்கிறவர்தான் இல்லை.

*

மறுநாள் மார்சிலிங். அங்கே மேரி என்ற ஒருவர் மகளுடைய பழைய பூட்ஸைக் கொடுக்கப் போவதாக இணையத்தில் பார்த்து வைத்திருந்தாள் செல்வி. ரயிலில் ஏறியதும் இருவரும் பேச ஆரம்பித்தோம். மார்சிலிங் வந்ததைத் தமிழிலும் சொல்லித்தான் இருப்பார்கள். ஆனால் செல்வி அப்போது தன் சம்பந்தியின் குணாதிசயங்களை விளக்கிக்கொண்டிருந்தாள். கிராஞ்சி போய் இறங்கி, எதிர் நடைமேடையில் ஏறித் திரும்பி வந்தோம்.

மேரி அக்கா எங்களுக்காகக் கதவைத் திறந்தே வைத்திருந்தார். மாதா படத்துக்குக் கீழே மின்விளக்கு மெழுகுவர்த்தி, அதற்குப் பக்கத்தில் பூட்ஸ். அதுவரை நான் பார்த்த எந்தக் காலணியைப் போலவும் அது இல்லை. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் கெட்டியான பிளாஸ்டிக் ஓடு, அதற்குள் மெத்தென்று ஓர் உள்ளுறை, முன்னால் வரிசையாக இரும்புக் கொக்கிகள்.

“பொண்ணு இப்ப மெல்பர்ன்ல இருக்கா. ஒரே ஒரு தடவைதான் போட்டா. கொயர் பிராக்டிஸுக்கு நேரமாச்சு, நீங்க மெதுவா போட்டுப் பாருங்க” என்று மைலோ கலக்கிக் கொடுத்தார்.

சாக்ஸோடு காலை விட்டேன். அடடா, அப்படி ஒரு சுகம். விரல்களை விரிக்கலாம், மடக்கலாம், உள்ளேயே தாளம் போடலாம்.

“நல்லா லூசா இருக்கா?” என்று கேட்டார் மேரி அக்கா.

“நல்லா லூசா இருக்கு.”

“என் பொண்ணுக்கு எப்பவும் ஒரு சைஸ் பெருசுதான் வாங்குவேன். பள்ளிக்கூட ஷூவும் அப்படித்தான், இதுவும் அப்படித்தான்.”

“பின்ன? கரெக்ட்டா யாராவது வாங்குவாங்களா” என்றாள் செல்வி. “முன்னாடி கொஞ்சம் நியூஸ்பேப்பர் திணிச்சா போதும்.”

மூன்று பேரும் ஒரே பள்ளியில் பாடம் படித்த மாதிரி தலையாட்டினோம். நானும் வளர்ந்தது அப்படித்தானே. ஜூன் மாதம் வாங்கிய ஷூ ஜனவரியில்தான் காலுக்குச் சரியாகும், அதற்குள் அடி கிழிந்துவிடும். மேரி அக்கா காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். “ஸ்லோப்ல எனக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிக்குங்க, போதும்” என்றார்.

ரயில் வேண்டாம், வேடிக்கை பார்த்துக்கொண்டு பஸ்ஸில் போகலாம் என்றது என் தவறு. ஒரு சிக்னலில் டிரைவர் பிரேக் போட, பைக்குள்ளிருந்து ஒரு பூட்ஸ் நழுவி, தடதடவென்று சீட்டுகளுக்கு நடுவே ஓடி அவர் இருக்கைக்குப் பின்னால் போய் மோதியது. முன்சீட்டில் இருந்த சீனப் பெரியவர் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். ரோபோவுடைய காலா என்று செல்வியிடம் கேட்டார். பனியில் சறுக்க என்று செல்வி சொல்ல, அவர் ஜன்னல் வழியாக வெளியே கொளுத்துகிற வெயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பூட்ஸைக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் அதை மாட்டிக்கொண்டு நடந்து காட்டியபோது பிரியா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

“மாமி, யுவர் ஹீல் இஸ் லிஃப்டிங். டைட்டா இருக்கணும் மாமி. கால் திரும்பினா பூட்ஸ் கூடவே திரும்பணும், அப்பதான் கீழ மாட்டுற ஸ்கீ பலகை திரும்பும். இத போட்டுட்டுப் போனா நீங்க ஒரு பக்கம், ஸ்கீ ஒரு பக்கம்.”

மணாலியில் நடந்ததும், மேரி அக்காவின் மகள் ஒரே தடவையோடு நிறுத்தியதும் அப்போதுதான் எனக்கு விளங்கின. பெரியதாக வாங்கிப் பழகிய நம் புத்தி இந்தக் காலணியிடம் செல்லாது. பிரியா உடனே போனைத் தட்டி, காலை அளந்து பொருத்திக் கொடுக்கும் கடை ஒன்றில் நேரம் வாங்கினாள். ஒரு நாள் விட்டு மறுநாள். கடை இருந்த இடம் குவீன்ஸ்டவுன் பக்கம்.

*

நடுவில் கிடைத்த நாளில், தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போனோம். சிராங்கூன் சாலையில் கால் வைத்ததும் சாம்பிராணியும் மல்லிகையும் பொரிக்கிற வடையும் சேர்ந்து ஒரு வாசனை வருமே, அதுதான் எங்களுக்கு அன்றைக்கு ஊர்க் கடிதம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் நானும் பஸ் பிடித்து இங்கே வருவோம். வாங்குவதென்னவோ கொஞ்சம் முருங்கைக்காயும் ஒரு வாரப் பத்திரிகையும்தான். தமிழ் கேட்பதற்காகவே வருவது. இப்போதும் தமிழ் கேட்டது. முன்னால் போன இரண்டு இளைஞர்களில் ஒருவர், ஊரில் கட்டுகிற வீட்டுக்கு மாடிப்படியை உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்று போனில் மனைவியோடு வாதாடிக்கொண்டிருந்தார். வெளியே வைப்பதுதான் நல்லது, பிற்பாடு வாடகைக்கு விடலாம். சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது.

வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டோம். அப்பளம் கேட்கக் கேட்க வந்தது. வெளியே வந்து பூக்கடைக்குப் போனோம்.

பூக்காரர் இரண்டு துண்டு மல்லிகைச் சரத்தை எடுத்து, “ரெண்டு பேருக்குமா?” என்றார். செல்வி என் பக்கம் பார்க்காமல், “ஒண்ணு போதும்” என்றாள். தலையில் வைத்துக்கொண்டு, பேச்சை உடனே புடவைக்கு மாற்றினாள். அவள்மேல் தப்பில்லை. அவள் வளர்ந்த வீட்டில் கணவனை இழந்தவளுக்கு யாரும் பூ நீட்ட மாட்டார்கள். ஊரை விட்டு வந்தவர்கள் ஊர் வழக்கத்தை ஊர்க்காரர்களைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்வார்கள். எனக்கும் பூ பெரிய ஆசையில்லை. ஆனாலும் மனசு சுருக்கென்றது. கூடவே பயமும் வந்தது.

பயத்துக்குக் காரணம் என் சாக்ஸ். பித்தவெடிப்பு என்றது பொய். என் வலது காலில் மெட்டி இருக்கிறது.

அவர் போன பத்தாம் நாள், பெண்கள் என்னை உட்கார வைத்துத் தாலி, வளையல், மெட்டி எல்லாம் எடுத்தார்கள். இடது கால் மெட்டி சோப்புத் தண்ணீரில் வழுக்கி வந்துவிட்டது. வலது காலில் அந்த வளைந்த விரல் விடவில்லை. இழுத்துப் பார்த்தார்கள், நூல் சுற்றிப் பார்த்தார்கள். விரல் வீங்கிப்போய் நான் அழ, வீக்கம் வடியட்டும், பிறகு ஆசாரியைக் கூப்பிட்டு வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். செல்வி பிரசவத்துக்குக் கிடந்த பிரியாவை விட்டுவிட்டு வரமுடியாமல் இங்கே இருந்தாள். அதன்பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்தாயிற்று என்றேன். எடுக்கவில்லை. எடுக்க எனக்கு மனசில்லை. அம்மிமேல் என் காலைப் பிடித்து வைத்து, கை நடுங்க அவர் போட்டது அது. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள், இது ஒன்றாவது இருக்கட்டுமே என்று சாக்ஸுக்குள் வைத்துக்கொண்டேன். செல்வியின் கண்ணில் இது பட்டால் அவள் மனசு எப்படி ஆகும் என்பதுதான் என் கவலை. தன் அண்ணனுக்குச் செய்ய வேண்டிய முறையில் ஒன்று நிற்கிறது என்றுதானே அவளுக்குத் தோன்றும்.

*

குவீன்ஸ்டவுனில் சீக்கிரமே இறங்கி, நாங்கள் குடியிருந்த அடுக்குமாடி பிளாக்கைத் தேடினோம். பிளாக் இல்லை. இடித்துவிட்டுப் புல் போட்டிருந்தார்கள். வாசல் பக்கம் நின்ற மழைமரம் மட்டும் அப்படியே நின்றது. அங்கே ஒரு சீன அம்மாவின் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தோம். லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. எங்கள் மாடிக்கு மேலே போய் இறங்கி நடந்து வர வேண்டும். அவர் கப்பல் பட்டறையிலிருந்து வந்ததும், அந்த அம்மா சமையலறையில் இல்லாத நேரம் பார்த்து, குளிர்சாதனப் பெட்டியின் மேல்கதவைத் திறப்பார். உறைந்திருக்கும் பனியைக் கரண்டியால் சுரண்டி உருண்டை பிடித்து என்மேல் எறிவார். “சுவிட்சர்லாந்துக்குக் கூட்டிப் போகச் சொன்னியே” என்பார். நான் சொன்னதே இல்லை, சொன்னதெல்லாம் அவர்தான். ஒரு நாள் உருண்டை குறிதவறி அந்த அம்மாவின் முதுகில் விழுந்து, இரண்டு பேரும் சேர்ந்து திட்டு வாங்கினோம்.

செல்விக்கு இந்தக் கதை தெரியாது. புல்வெளியில் நின்று கேட்டுவிட்டு, “அண்ணன் வீட்ல ரொம்ப சீரியஸா இருப்பாரு” என்றாள்.

“உங்க வீட்ல” என்றேன்.

கடை ஒரு தொழிற்கட்டடத்தின் மேல்மாடியில். நடத்துகிறவர் லின் என்ற சீனப் பெண்மணி. நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒட்ட வெட்டிய முடி, அளந்த பேச்சு. என்னை உட்காரவைத்து, எதிரே சின்ன முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வெறுங்காலைப் பார்க்க வேண்டும், சாக்ஸைக் கழற்றுங்கள் என்றார் ஆங்கிலத்தில்.

எனக்கு அது தோன்றவே இல்லை. எங்கள் ஊர்க் கடைகளில் சாக்ஸோடுதான் அளவு பார்ப்பார்கள்.

“செல்வி, கீழ ஒரு கோப்பி வாங்கிட்டு வாயேன்.”

“இப்பதானே குடிச்சோம் அண்ணி. நான் பாக்கணும் லா, அடுத்தது எனக்குத்தான்” என்று நாற்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். போனால் மதுரை. பிரியா அனுப்பப்போகும் படங்களைப் போனில் பார்த்துக்கொண்டு இருக்கலாம். லின் என் பாதத்தைத் தன் முழங்கால்மேல் எடுத்து வைத்துக் காத்திருந்தார். இடது சாக்ஸை முதலில் கழற்றினேன். பிறகு வேறு வழியில்லாமல் வலதையும்.

செல்வி பேசிக்கொண்டிருந்த ஏதோ ஒரு வாக்கியம் பாதியில் நின்றது.

லின் வேலையைப் பார்த்தார். அளவுப்பலகையில் காலை வைத்தார், அகலம் பார்த்தார், வளைந்த விரலைத் தொட்டுப் பார்த்தார். மோதிரம் கழற்ற வருமா என்று கேட்டார். வராது என்றேன். இதோடு இறுக்கமான பூட்ஸ் போட்டால் பக்கத்து விரலை அழுத்தும், குளிரில் விரல் மரத்தும் போகும் என்றார். வெள்ளிதானே, சின்னக் கட்டரால் நறுக்கென்று வெட்டிவிடலாம், வலிக்காது, இங்கேயே இருக்கிறது என்றார்.

“வெட்டிடுங்க” என்றேன். அவ்வளவு வேகமாக ஏன் சொன்னேன் என்றால், செல்வி பார்த்துக்கொண்டிருந்தாள். தலை குனிந்தே இருந்தேன். லின் மேசை இழுப்பறையைத் திறக்கும் சத்தம் கேட்டது.

செல்வி நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். மூட்டுவலிக்காரி, வீட்டில் தரையில் உட்காரவே மாட்டாள். மெட்டியை ஒற்றை விரலால் தொட்டு லேசாகத் திருப்பினாள்.

“இது அண்ணன் போட்டதுதானே?”

“ஆமா.”

“நான் பக்கத்துலதான் நின்னேன். அண்ணனுக்குக் கை நடுங்குச்சு. நான் சிரிச்சேன்னு அப்பா திட்டினாரு.”

எங்கள் கல்யாணத்தில் அவளுக்குப் பதினாறு வயது. தாலியின் முதல் முடிச்சு அவர் போட்டது. மீதி முடிச்சுகள் நாத்தனார் முறைக்கு இவள் போட்டவை.

“செல்வி, அன்னைக்கே எடுத்திருக்கணும். விரல் வீங்கி…”

“நான் கேட்டேனா அண்ணி?”

லின் கட்டரோடு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். செல்வி என் காலைத் தன் கையால் மூடிக்கொண்டாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை இங்கே தமிழில் தருகிறேன்.

“மோதிரத்தை வெட்டாதே. பூட்ஸை வெட்டு.”

லின் அவளைப் பார்த்தார். வெட்ட வேண்டாம் என்று அவர் விளக்கினார். துருத்திய எலும்புக்குச் செய்வது போல, அந்த இடத்தில் பிளாஸ்டிக் ஓட்டைச் சூடாக்கி வெளிப்பக்கம் தள்ளலாம், உள்ளுறையிலும் இடம் விடலாம். ஆனால் மோதிரத்துக்காக இதுவரை செய்ததில்லை, நேரம் பிடிக்கும் என்றார்.

“பிடிக்கட்டும். என் அண்ணன் போட்டது. அவர் வந்து எடுக்கட்டும்.”

அண்ணன் எப்போது வருவார் என்று லின் கேட்கவில்லை. கட்டரை இழுப்பறையில் போட்டுவிட்டு, இடம் விடுவதற்காகப் பஞ்சுத் துண்டு ஒன்றை வெட்டி என் விரல்மேல், மெட்டிக்கு மேலாக, ஒட்டினார்.

அதற்கப்புறம் நடந்ததை எல்லாம் இருவரும் வேடிக்கை பார்த்தோம். என் அளவுக்கு ஒரு புது பூட்ஸை எடுத்துவந்து, அதன் உள்ளுறையை அடுப்பு மாதிரியான பெட்டியில் சூடாக்கினார். நான் அதை மாட்டிக்கொண்டு, அது என் காலின் வடிவத்துக்கு இறங்கும்வரை நின்றேன். ஓட்டின்மேல் பென்சிலால் புள்ளி வைத்து, சூடான காற்று ஊதி, திருகு வைத்த ஒரு கருவியால் உள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினார். தன் முறை வந்தபோது செல்வி, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

கடைசியாகப் பூட்ஸை மாட்டிக் கொக்கிகளைப் போட்டார் லின். எழுந்து நில்லுங்கள், முழங்காலை முன்னால் மடியுங்கள் என்றார். மடித்தேன். குதிகால் அசையவில்லை. பாதம் முழுவதையும் ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருந்தது. விரல்நுனி மட்டும் முன்னால் லேசாகத் தொட்டது. மெட்டி இருந்த இடத்தில் எதுவுமே அழுத்தவில்லை. இப்படி அளவாக எதையும் என் வாழ்நாளில் காலில் போட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை.

லின் பதறிப்போனார். எங்கே வலிக்கிறது, எங்கே என்று கேட்டுக்கொண்டே குனிந்து கொக்கிகளை விடுவிக்கப் போனார். செல்வி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வலிக்கல லா” என்று தமிழிலேயே சொன்னாள். “விடுங்க, அண்ணி கொஞ்ச நேரம் அதுலயே நிக்கட்டும்.”